மூலிகைச் சாற்றில் டிபிபிஎச் சோதனை: ரீடிங் சொதப்பினால் எங்கே தேடுவது?

மூலிகை ஆய்வு என்று ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவருக்கு முதலில் கையில் வருவது பெரும்பாலும் டிபிபிஎச் சோதனைதான். டிபிபிஎச் (DPPH) என்பது ஊதா நிறமுள்ள, நிலையான ஒரு ஃப்ரீ ராடிக்கல். ஊதா நிறக் கரைசல், அதில் கொஞ்சம் சாறு, அரை மணி நேரம் இருட்டு, 517 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஒரு ரீடிங். ஊதா மங்கி மஞ்சளானால் சாற்றில் ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறது. 1958-இல் பிளாய்ஸ் நேச்சர் இதழில் முன்வைத்த யோசனை இது. இன்றும் மலிவு, இன்றும் வேகம். ஆனால் கருவி எப்போதும் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டிவிடும் என்பதால், தப்பு நடந்ததே தெரியாமல் ஆய்வேடு எழுதி முடித்துவிடவும் முடியும்.

எண் சரியில்லை என்றதும் நாம் முதலில் இலையைத்தான் சந்தேகப்படுகிறோம். வரிசை அப்படி இருக்கக் கூடாது. முதலில் கன்ட்ரோல் (சாறு சேர்க்காத டிபிபிஎச் குழாய்), அடுத்து ஒப்பீட்டுக்கு வைக்கும் அஸ்கார்பிக் அமிலம், அதற்கப்புறம்தான் சாறு. முன்னது இரண்டும் சரியாக வராதபோது சாற்றின் எண்ணைப் பார்ப்பதே வீண் வேலை. கீழே உள்ள அறிகுறிகளும் அந்த வரிசையிலேயே வருகின்றன.

பேச்சுக்கு ஒரு பொது முறையை வைத்துக்கொள்வோம். மெத்தனாலில் 0.1 மில்லிமோலார் டிபிபிஎச் (100 மி.லி.க்கு 3.94 மில்லிகிராம்). அதில் 1 மி.லி., சாற்றுக் கரைசல் 1 மி.லி., கலக்கி 30 நிமிடம் இருட்டில். பிளாங்க்காக, அதாவது கருவியைப் பூஜ்யத்தில் நிறுத்த, வெறும் மெத்தனால். கலந்த பிறகு டிபிபிஎச் அளவு 50 மைக்ரோமோலார் ஆகிவிடும். இந்த 50 கீழே பல இடங்களில் வரும், நினைவில் இருக்கட்டும்.

அறிகுறி: கன்ட்ரோல் ரீடிங் மிகக் குறைவு

மேலே சொன்ன முறையில், 1 சென்டிமீட்டர் குவெட்டில் (கருவிக்குள் வைக்கும் சிறு பாத்திரம்) கன்ட்ரோல் சுமார் 0.55 முதல் 0.6 வரை வர வேண்டும். 0.3, 0.35 என்று வந்தால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள்.

பெரும்பாலும் காரணம் தராசு. 4 மில்லிகிராம் பொடியை மூன்று தசம தராசில் எடைபோட்டால், கடைசி இலக்கம் ஒன்று ஆடினாலே 25 சதவீதம் பிழை. 19.7 மில்லிகிராமை நான்கு தசம தராசில் எடுத்து 100 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 0.5 மில்லிமோலார் ஸ்டாக் (நீர்ப்பதற்கு முந்தைய கெட்டிக் கரைசல்) கிடைக்கும். வேலைக்கு முன் அதை ஐந்து மடங்கு நீர்க்க வைத்துக்கொள்ளலாம். எடைபோடும் பிழை அப்படியே சுருங்கிவிடும்.

அடுத்தது, கரையாத பொடி. டிபிபிஎச் மெத்தனாலில் மெதுவாகத்தான் கரையும். குடுவையைக் குலுக்கி, ஊதா நிறம் வந்ததும் கரைந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அடியில் கருத்த துகள்கள் தெரியும். பத்து, பதினைந்து நிமிடம் சோனிகேட்டரில் (ஒலி அதிர்வால் கரைக்கும் கருவி) வையுங்கள். அதற்குப் பிறகும் துகள் இருந்தால் வடிகட்டிவிட்டு, அளவை ரீடிங்கை வைத்துச் சரிசெய்யுங்கள்.

மூன்றாவது, பழைய கரைசல். பிரிட்ஜில் பழுப்புப் பாட்டிலில் வைத்தாலும் அது மெல்ல மெல்லக் குறைந்துகொண்டேதான் இருக்கும். அன்றன்று தயாரிப்பதே நல்லது. சந்தேகம் இருந்தால் 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒரு ஸ்கேன் ஓட்டிப் பாருங்கள். 515–517 பக்கம் தெளிவான முகடு தெரிய வேண்டும்.

96 குழி மைக்ரோபிளேட்டில் செய்பவர்கள் ரீடிங் குறைவதைக் கண்டு பதற வேண்டாம். 200 மைக்ரோலிட்டர் ஊற்றினால் ஒளி கடக்கும் ஆழம் 1 சென்டிமீட்டர் இருக்காது, ஏறக்குறைய அதில் பாதிதான். எண்ணும் அந்த விகிதத்தில் இறங்கும். எல்லாக் குழியிலும் ஒரே கன அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறிகுறி: சாற்றை எவ்வளவு நீர்த்தாலும் தடுப்புத் திறன் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை

கன்ட்ரோல் ரீடிங்கில் எத்தனை சதவீதம் சாற்றால் குறைந்தது என்பதுதான் தடுப்புத் திறன். இது ஒரு வேடிக்கையான தப்பு, அடிக்கடி நடப்பது. சாற்றுக் குழாயில் 1 மி.லி. டிபிபிஎச்சும் 1 மி.லி. சாறும் இருக்கின்றன. கன்ட்ரோல் குழாயிலோ 1 மி.லி. டிபிபிஎச் மட்டும், அல்லது 2 மி.லி.யும் டிபிபிஎச். மெத்தனால் சேர்க்க மறந்துவிட்டார்கள். கன்ட்ரோல் 1.1-க்கு மேல் நிற்கும். சாற்றுக் குழாயில் எந்த வினையும் நடக்காவிட்டாலும், நீர்த்துப்போனதாலேயே ரீடிங் பாதியாகும். கணக்கில் அது 50 சதவீதத் தடுப்பு. குழாய்த் தண்ணீரை ஊற்றினாலும் 50 சதவீதம் வரும்!

சாறு எந்தக் கரைப்பானில் இருக்கிறதோ, அதே கரைப்பான் அதே அளவு கன்ட்ரோலிலும் போக வேண்டும். டிஎம்எஸ்ஓ-வில் கரைத்த சாறு என்றால் கன்ட்ரோலிலும் டிஎம்எஸ்ஓ.

அறிகுறி: கன்ட்ரோல் நேரம் போகப் போக மாறுகிறது

இறங்கினால் வெளிச்சத்தைப் பாருங்கள். ஜன்னலோர மேசை, டியூப்லைட்டுக்கு நேர்கீழே வைத்த ஸ்டாண்டு, இரண்டுமே ஆகாது. அலுமினியத் தாள் சுற்றினால் போதும். ஏறினால் மெத்தனால் ஆவியாகிறது என்று பொருள். நம் ஊர் வெயில் காலத்தில், ஏசி இல்லாத ஆய்வகத்தில், மூடாத பிளேட்டின் ஓரக் குழிகள் முதலில் ஆவியாகும். மூடி போடுங்கள், அல்லது ஓரக் குழிகளை விட்டுவிட்டு நடுக் குழிகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

நாற்பது குழாய்களிலும் ஒரே மூச்சில் டிபிபிஎச் ஊற்றிவிட்டு, ஒற்றைக் குவெட்டில் ஒவ்வொன்றாக ரீடிங் எடுத்தால், முதல் குழாய்க்கு 30 நிமிடம், கடைசிக் குழாய்க்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஊற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, அதே இடைவெளியில் ரீடிங் எடுங்கள்.

அறிகுறி: அஸ்கார்பிக் அமிலத்தின் ஐசி50 விசித்திரமாக இருக்கிறது

டிபிபிஎச்சில் பாதியை அடக்கத் தேவையான செறிவுதான் ஐசி50. சோதனையின் உண்மையான பரிசோதனை இதுதான். பலரும் அஸ்கார்பிக் அமிலத்தை ஒப்பீட்டுக்கு ஒரு வரைபடமாக மட்டும் போட்டுவிட்டு, அதன் எண் நியாயமானதா என்று பார்ப்பதே இல்லை. அந்த எண்ணைச் சோதனைக்கு முன்பே காகிதத்தில் கணக்கிட்டுவிடலாம்.

ஒரு அஸ்கார்பிக் அமில மூலக்கூறு இரண்டு டிபிபிஎச் மூலக்கூறுகளை அடக்கும். குழாயில் இருப்பது 50 மைக்ரோமோலார். அதில் பாதியை அழிக்க வேண்டும், அதாவது 25. அதற்குத் தேவையான அஸ்கார்பிக் அமிலம் 12.5 மைக்ரோமோலார். மூலக்கூறு எடை 176.12, பெருக்கினால் மி.லி.க்கு 2.2 மைக்ரோகிராம். மேலே சொன்ன முறையில் உங்கள் ஐசி50 இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வந்தால் சோதனை ஆரோக்கியமாக இருக்கிறது. ஒப்பீட்டுக்கு வைக்கும் இன்னொரு பொருளான டிரோலாக்ஸுக்கும் இதே இரண்டுக்கு ஒன்று கணக்குத்தான். மூலக்கூறு எடை 250.3 என்பதால் 3.1 மைக்ரோகிராம் பக்கம் வர வேண்டும்.

4.4 வந்தால் பயப்படாதீர்கள். குழாயில் கலந்த பிறகான செறிவைப் போடுவதற்குப் பதில், கலப்பதற்கு முன் ஸ்டாக்கில் இருந்த செறிவைப் போட்டிருப்பீர்கள். சம அளவு கலந்தால் பாதியாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். வெளிவந்த கட்டுரைகளிலும் இந்த இரண்டு மடங்குக் குழப்பம் இருக்கிறது, சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

25, 40 என்று வந்தால் விஷயம் வேறு. தண்ணீரில் கரைத்த அஸ்கார்பிக் அமிலம் காற்றோடு வினைபுரிந்து வேகமாகக் கெட்டுப்போகும், செம்பு அயனிகள் கொஞ்சம் இருந்தாலும் இன்னும் வேகமாக. நேற்று தயாரித்த கரைசலை இன்று எடுக்கக் கூடாது. அது புதிது என்றால் நீர்த்த கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள், ஒரு பூஜ்யம் எங்கேயாவது இடம் மாறியிருக்கும். அதுவும் சரி என்றால் டிபிபிஎச் நினைத்ததைவிடப் பல மடங்கு கெட்டியாக இருக்கலாம். கன்ட்ரோல் 2-க்கு மேல் நின்றால் அதுதான்.

மாறாக 1-க்கும் கீழே வந்தால், டிபிபிஎச் பாதிக்கு மேல் செத்துப்போயிருக்கிறது. கன்ட்ரோலும் குறைவாகவே இருந்திருக்கும், முதல் அறிகுறிக்கே திரும்பிப் போங்கள்.

ஐசி50 என்பது செடிக்கு மட்டும் சொந்தமான எண் என்று நினைப்பவர்கள் நிறைய. டிபிபிஎச்சை இரட்டிப்பாக்கினால் அதே சாற்றின் ஐசி50-யும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால், 'எங்கள் முருங்கை இலை, இன்னார் கட்டுரையில் உள்ள முருங்கை இலையைவிட மூன்று மடங்கு திறன் வாய்ந்தது' என்று எழுதுவதற்கு முன் அவர்கள் டிபிபிஎச் எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

அறிகுறி: தடுப்புத் திறன் மைனஸில் வருகிறது, அல்லது செறிவு கூடக் கூடக் குறைகிறது

கன்ட்ரோலும் அஸ்கார்பிக் அமிலமும் தேறிவிட்டன என்றால் இப்போது சாற்றைக் குற்றம் சொல்லலாம். மைனஸ் என்றால் சாற்றுக் குழாய் கன்ட்ரோலைவிட அதிக ஒளியை மறைக்கிறது. இரண்டு வழியில் இது நடக்கும்: நிறம், கலங்கல்.

முதலில் நிறம். செம்பருத்திப் பூ, நாவல் பழத்தோல் போன்றவற்றின் ஆந்தோசயனின்கள் 510 முதல் 540 நானோமீட்டர் வரை நன்றாக ஒளியை உறிஞ்சும். பீட்ரூட்டின் சிவப்பும் 535 பக்கம். நாம் அளப்பது 517, நேராக அதன் மேலேயே போய் உட்கார்ந்திருக்கிறோம். பச்சை இலைச் சாற்றில் குளோரோஃபிலின் பெரிய முகடுகள் நீலத்திலும் சிவப்பிலும் இருப்பதால் அவ்வளவு தொல்லை இல்லை. ஆனால் காய்ச்சும்போதோ அமிலம் பட்டோ அது ஃபியோஃபைடினாக மாறினால் 505–535 பகுதியில் சிறு முகடுகள் கிளம்பும். கெட்டியான இலைச் சாற்றில் அதுவும் கணக்கில் வரும்.

இதற்கு மருந்து, ஒவ்வொரு செறிவுக்கும் தனி பிளாங்க்: அதே சாறு 1 மி.லி., டிபிபிஎச்சுக்குப் பதில் மெத்தனால் 1 மி.லி. அந்த ரீடிங்கைச் சாற்றுக் குழாயின் ரீடிங்கிலிருந்து கழித்துவிட்டு, பிறகு தடுப்புச் சதவீதம் கணக்கிடுங்கள். குழாய்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும், வேறு வழியில்லை. இந்த பிளாங்க் கன்ட்ரோலின் பாதியைத் தாண்டினால் கழித்தலையும் நம்ப வேண்டாம், இன்னொரு ஆன்டிஆக்சிடன்ட் சோதனையான ஏபிடிஎஸ் (ABTS) முறைக்கு மாறிவிடுங்கள். அது 734 நானோமீட்டரில் அளக்கும் முறை, பூச்சாயங்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

இப்போது கலங்கல். நீர்ச் சாறு எடுப்பவர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. வெந்தயம், சோற்றுக்கற்றாழை போன்ற வழவழப்பான சரக்குகளில் உள்ள பாலிசாக்கரைடுகள் தண்ணீரில் கரைந்திருக்கும். மெத்தனால் பட்டதும் வெளியே திரிந்துவரும். கண்ணுக்கு லேசான மூட்டம், கருவிக்கு அது பெரிய ரீடிங். எதிர்ப்புறமும் ஒரு சிக்கல் உண்டு: டிபிபிஎச் தண்ணீரில் கரையாது. கலவையில் தண்ணீர் பாதியைத் தாண்டினால் டிபிபிஎச்சே திரியத் தொடங்கும். தண்ணீர் பங்கைக் குறைவாக வையுங்கள், 1 மி.லி. நீர்ச் சாற்றுக்குப் பதில் 0.1 மி.லி. கெட்டிச் சாறு, மீதி மெத்தனால் என்று மாற்றிக்கொள்ளலாம். சாற்றை முன்கூட்டியே மெத்தனாலோடு கலந்து, திரிந்ததை மைய விலக்கியில் இறக்கிவிட்டு, தெளிவை மட்டும் எடுப்பதும் உண்டு. ஆனால் அப்படிச் செய்தால் மொத்தச் சாற்றையும் சோதித்ததாக எழுத முடியாது.

கலங்கலா நிறமா என்று பிரித்தறிய, அதே குழாயை 700 நானோமீட்டரில் ஒருமுறை படியுங்கள். டிபிபிஎச்சும் பூச்சாயமும் அங்கே ஏறக்குறைய பூஜ்யம். அங்கேயும் ரீடிங் நிற்கிறது என்றால் மூட்டம்தான்.

அறிகுறி: நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது

தாண்டக் கூடாது. வினை முடிந்த பிறகு மிஞ்சும் மஞ்சள் பொருளே 517-இல் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும் என்பதால், மிகச் சிறந்த ஆன்டிஆக்சிடன்ட்கூட 90-களின் நடுவில்தான் நின்றுவிடும். 103 என்று வந்தால் சாற்று பிளாங்க்கை இரண்டு முறை கழித்திருக்கிறீர்கள், அல்லது தப்பான செறிவின் பிளாங்க்கைக் கழித்திருக்கிறீர்கள்.

அறிகுறி: எல்லாச் செறிவிலும் 92, 93, 93, 94

சாறு தேவைக்கு மேல் கெட்டி. கடுக்காய், நெல்லிக்காய் போன்ற டானின் நிறைந்த சரக்குகளுக்கு 100 முதல் 500 மைக்ரோகிராம் என்ற வழக்கமான ஏணி பொருந்தாது. 1, 2, 5, 10, 20 என்று கீழே இறங்குங்கள். இந்தத் தட்டையான பகுதியையும் சேர்த்து எக்செல்லில் நேர்கோடு போட்டு, சமன்பாட்டில் 50 வைத்து ஐசி50 எடுப்பது பரவலான பழக்கம். அப்படி வரும் எண் சில நேரம் மைனஸில்கூட வரும், அப்போதும் யாரும் நிறுத்துவதில்லை! 20 முதல் 80 சதவீதத்துக்குள் விழும் புள்ளிகள் குறைந்தது நான்கு இருக்கட்டும். நேர்கோடு என்றால் அந்தப் பகுதிக்குள் மட்டும், முழு வளைவும் வேண்டுமென்றால் நான்கு அளவுரு வளைவை (எஸ் வடிவ வளைவு) பொருத்துங்கள்.

50-ஐ எட்டவே இல்லை என்றால் கோட்டை நீட்டி ஐசி50 கண்டுபிடிக்க வேண்டாம். 'சோதித்த அதிகபட்சச் செறிவில் 38 சதவீதம்' என்று எழுதினால் போதும்.

அறிகுறி: 30 நிமிடம் ஆன பிறகும் ரீடிங் இறங்கிக்கொண்டே இருக்கிறது

கருவியில் பழுது இல்லை. அஸ்கார்பிக் அமிலம் ஒரு நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடும், பிஎச்டி (BHT) என்ற செயற்கை ஆன்டிஆக்சிடன்ட் போன்ற பொருள்கள் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூலிகைச் சாற்றில் இரண்டு ரகமும் கலந்திருக்கும். 30 நிமிடம் என்பது வசதிக்காக ஒட்டிக்கொண்ட எண். 1995-இல் பிராண்டு-வில்லியம்ஸ் குழு இந்த முறையைச் செப்பனிட்டபோது, ரீடிங் நிலைத்து நிற்கும் வரை காத்திருந்து அளப்பதைத்தான் முன்வைத்தார்கள். புதிய செடி என்றால் முதலில் ஒரே ஒரு செறிவை இரண்டு மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்துப் பாருங்கள். எங்கே சமநிலைக்கு வருகிறதோ அந்த நேரத்தை எல்லாச் சாறுகளுக்கும் வையுங்கள். கன்ட்ரோலையும் கூடவே படிக்க மறக்க வேண்டாம்.

அறிகுறி: ஒரே சாறு, மூன்று குழாய், மூன்று எண்

மெத்தனால் பிப்பெட் முனையிலிருந்து சொட்டும். எடுப்பதற்கு முன் முனையை அதே திரவத்தில் இரண்டு மூன்று முறை நனைத்துக்கொண்டால் சொட்டுவது நிற்கும். பிளாஸ்டிக் குவெட் வைத்திருப்பவர்கள் அசிட்டோன், எத்தில் அசிட்டேட் சாறுகளை அதில் ஊற்றவே கூடாது. பாலிஸ்டைரீன் கரைந்து சுவர் மங்கிவிடும். 517-க்கு சாதாரணக் கண்ணாடிக் குவெட்டே போதும், குவார்ட்ஸ் தேவையில்லை.

அறிகுறி: போன மாதச் சாறு ஒரு எண், இந்த மாதச் சாறு வேறு எண்

முதலில் அது அதே செடிதானா என்று கேளுங்கள். கீழாநெல்லி என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் பையில் பில்லாந்தஸ் இனத்தின் வேறு சிற்றினங்களும் கலந்திருக்கலாம். பிரம்மி என்ற பெயரில் நீர்ப்பிரம்மியும் வரும், வல்லாரையும் வரும். ஆய்வுக்கு வாங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரியை உலர்தாவரத் தாளில் ஒட்டி, தாவரவியலாளரிடம் அடையாளம் உறுதிசெய்து வைப்பது வீண் சடங்கு கிடையாது.

செடி அதுவேதான் என்றால் எடையைப் பாருங்கள். ரோட்டரி எவாப்பரேட்டரிலிருந்து எடுத்த பிசுபிசுப்பான சாற்றில் கரைப்பான் மிச்சம் இருக்கும். முழுக்க உலர்ந்த சாறோ காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். '10 மில்லிகிராம் சாறு' என்று நீங்கள் எடுத்ததில் இரண்டு மில்லிகிராம் தண்ணீராக இருக்கலாம். எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி, டெசிக்கேட்டரில் வைத்து, அதிலிருந்து எடுத்த உடனே எடைபோடுங்கள். வடிக்கும் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: டிபிபிஎச்சில் நன்றாக வந்த சாறு ஃப்ராப்பில் மங்குகிறது, ஃபோலின் எண்ணோடும் ஒத்துப்போகவில்லை

ஃப்ராப் (FRAP) இன்னொரு ஆன்டிஆக்சிடன்ட் சோதனை, ஃபோலின் மொத்த ஃபீனால் அளவை அளப்பது. எண்கள் ஒத்துப்போகாதது பிழையாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. ஃப்ராப் முறை பி.எச். 3.6-இல் ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் ஆக்கும் திறனை 593 நானோமீட்டரில் அளக்கிறது. தயோல் வகைச் சேர்மங்களை அது ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. ஆனால் சாறு சேர்க்கும் முன்பே ஃப்ராப் கரைசல் நீலமடித்தால் பிழைதான்: பாத்திரத்தில் ஃபெரஸ் இரும்போ முந்தைய அஸ்கார்பிக் அமிலமோ ஒட்டியிருக்கிறது. கண்ணாடியை அமிலத்தில் அலசி, கரைசலை அன்றைக்கே புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.

ஃபோலின் கரைசல் மஞ்சளாக இருக்க வேண்டும், பச்சை படர்ந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். பச்சை இல்லாமலேயே ஃபீனால் அளவு நம்ப முடியாத உயரத்துக்குப் போனால், சாற்றிலுள்ள அஸ்கார்பிக் அமிலமும் ஒடுக்கும் சர்க்கரையும் ஃபீனால் வேடம் போடுகின்றன. நெல்லிக்காய் போன்ற பழச் சாறுகளில் இதை எதிர்பார்த்தே இருங்கள்.

அறிகுறி: ஏபிடிஎஸ் கரைசலில் நிறமே வரவில்லை

1999-இல் ரீ குழுவினர் வெளியிட்ட முறைப்படி 7 மில்லிமோலார் ஏபிடிஎஸ்ஸோடு 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்சல்பேட் சேர்த்து, இருட்டில் 12 முதல் 16 மணி நேரம் வைக்க வேண்டும். மதியம் கலந்து மாலையே எடுத்துப் பார்த்தால் நிறம் முழுதாக வந்திருக்காது. இரவு முழுக்க விட்டும் வெளிறியே இருந்தால் பெர்சல்பேட் பாட்டிலைப் பாருங்கள். ஈரம் பட்டுக் கட்டியாகிப்போன பெர்சல்பேட் வேலை செய்யாது. நிறம் வந்த பிறகு 734-இல் ரீடிங் 0.70-க்கு வரும்வரை நீர்த்துக்கொண்டு, அதற்கப்புறம் சாற்றைச் சேர்க்கத் தொடங்கலாம்.